அம்மா சேலையில் இருப்பதும் வேதிப்பொருள்தான்

எங்கள் காலனியில் நடக்கிற மாலைப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு ஒருநாள் ஒரு வேலை கொடுத்தேன். "வீட்டுல என்னென்ன வேதிப்பொருள் இருக்கோ எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க" என்றேன். மறுநாள் உப்பு, சோப்பு, பினாயில், கொசுவத்தி, பாத்திரம் விளக்குகிற பவுடர் என்று பட்டியல்கள் வந்தன. ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் மட்டும் இரண்டே சொல் எழுதியிருந்தாள்: அம்மா சேலை.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "எங்கம்மா வேலை விட்டு வரும்போது சேலையெல்லாம் வெள்ளியா மினுங்கும்க்கா. துவைச்சாலும் போகாது" என்றாள் அவள். சிரிப்பு நின்றுபோனது. அங்கே இருந்த பாதிப் பிள்ளைகள் வீட்டிலும் அதே சேலை இருக்கிறது.

அது அலுமினியத் தூள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் சாயங்காலம் ஆலை வேனிலிருந்து இறங்குகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுக்கம் தெரியும். நகக்கண்ணில், காது மடலில், பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்குகிற தோளில் எல்லாம் அது ஒட்டியிருக்கும்.

எங்கள் பக்கம் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று, ஆலையில் கலப்பது இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், பச்சை உப்பு என்ற பெயர்கள் தெரியும். எது கையில் அரிக்கும், எது கண்ணைக் கரிக்கும், எதை எதோடு பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். பொட்டாசியம் நைட்ரேட், பேரியம் நைட்ரேட் என்ற பெயர்கள் மட்டும் தெரியாது. அம்மா சொல்கிற பெயர் மகளின் பாடப்புத்தகத்தில் இல்லை. மகள் மனப்பாடம் செய்கிற பெயர் அம்மா தூக்குகிற மூட்டையின் மேல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரே பொருளுக்கு ஒரே வீட்டில் இரண்டு பெயர் இருந்தும் அந்த இரண்டும் சந்திப்பதே இல்லை.

என் கதையும் அதுதான். நான் படித்த பள்ளியில் ஓர் ஆய்வகம் இருந்தது, சாவியும் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிகிறவரை அது எங்களுக்காகத் திறக்கப்பட்டதாக நினைவில்லை. ஆனால் ஆசிட் என்ற பொருளை நான் எட்டாம் வகுப்பிலேயே கையில் பிடித்துவிட்டேன். காலனிப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூப்பிட்டு, பாட்டிலைக் கொடுத்து, கழிவறையைக் கழுவச் சொன்னார்கள். தரையில் ஊற்றியதும் பொங்கி நுரைத்துப் புகைந்தது. ஏன் நுரைக்கிறது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் மரியாதை இருக்கவில்லை. அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று புத்தகத்தில் படித்தது இரண்டு ஆண்டு கழித்துத்தான். செய்முறையை முதலிலும் பாடத்தைப் பிறகும் எங்களுக்குக் கொடுத்த கல்வி முறை அது!

சாதியைப் பற்றிப் பேசும்போது நிலம், கோயில், சுடுகாடு, தேநீர்க் கடை என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அந்த வரிசையில் பிப்பெட்டையும் சோதனைக் குழாயையும் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி. பொருளைத் தொடுகிறவர் ஒருவர், பொருளைப் பற்றிய அறிவுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் என்று பிரித்து வைத்ததில்தான் இந்த ஊரின் ஏற்றத்தாழ்வு நின்றுகொண்டிருக்கிறது.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. கோயிலுக்குள் போக உரிமை கேட்டதற்காக 1899இல் சிவகாசியில் நாடார்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. விருதுநகரில் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்; காமராசர் படித்தது அதில்தான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் இரண்டு தலைமுறையில் தலை நிமிர்ந்ததில் ஒரு வேதியியல் பாடத்துக்குப் பங்கு இருக்கிறது. அதை மதிப்போடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பாடம் ஆலை வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களிடம் நூறு ஆண்டில் வந்து சேரவில்லை. மேலே ஏறியவர்கள் ஏணியைக் கூடவே எடுத்துப் போனார்கள்.

படிப்பகத்துக்கு வருகிறேன். ஆய்வகப் பொருள் விற்கிற கடையில் விலை கேட்டபோது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்கே எங்கள் இரண்டு மாத வசூல் போய்விடும் போல இருந்தது. அதனால் பெட்டிக்கடை, நாட்டு மருந்துக் கடை, மளிகைக் கடை என்று கிளம்பினோம். முதல் நாள் செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு, மஞ்சள் தூள், ஆப்பசோடா, எலுமிச்சம்பழம், படிகாரம், கடுக்காய், அன்னபேதி, ஒரு பொட்டலம் சலவைச் சோடா. செம்பருத்திப் பூ தெருவிலேயே கிடைத்தது. குழாய்களுக்குப் பதில் காலி மாத்திரை அட்டை. மாத்திரை இருந்த ஒவ்வொரு குழியும் ஒரு சோதனைக் குழாய். ஒரு சொட்டு போதும், கழிவும் ஒரு சொட்டுதான். முதியோர் இருக்கிற வீட்டில் மாத்திரை அட்டைக்குப் பஞ்சமா?

மஞ்சளைக் கரைத்த குழியில் சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு விட்டால் ரத்தச் சிவப்பு. எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். "இது ஆரத்தித் தண்ணிக்கா!" என்று கத்தினான் ஒருவன். ஆமாம். கல்யாண வீட்டு வாசலில் தாம்பாளத்தோடு நிற்கிற பெண்கள் ஒரு காரச் சோதனையைத்தான் ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் அவர்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை. திருஷ்டி கழிகிறதா இல்லையா என்பது வேறு விவகாரம். நிறம் மாறுவதற்குக் காரணம் மஞ்சளில் இருக்கிற குர்குமின். செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு சோப்பு, ஷாம்பு, மோர், புளித்தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர் எல்லாவற்றையும் பிள்ளைகள் சோதித்து ஒரு நோட்டில் எழுதினார்கள்.

சுண்ணாம்பை நீரில் கரைத்து இரவெல்லாம் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை இறுத்துக்கொண்டால் சுண்ணாம்பு நீர். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும் வேண்டும். உறிஞ்சுகுழலில் மூச்சை விட்டால் பால் போல வெளுக்கும். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். முதலில் வந்தது கால்சியம் கார்பனேட், பிறகு அது பைகார்பனேட்டாகிக் கரைகிறது. இந்த இரண்டாவது பாதியைப் பாடத்தில் படித்தும் நான் கண்ணால் பார்த்தது இருபத்தைந்து வயதுக்கு மேல், அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான்.

எனக்கு மிகவும் பிடித்தது கடுக்காய்ச் சோதனை. கடுக்காயைத் தட்டிப் போட்டு ஊறவைத்த நீரில் அன்னபேதியைச் சேர்த்தால் கன்னங்கரேல் என்று மாறும். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காயில் இருப்பது டானின். இரண்டும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதிய மை இப்படித்தான் காய்ச்சப்பட்டது. இதே டானினுக்காகத்தான் தோல் பதனிடுகிறவர்கள் கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் பயன்படுத்தினார்கள். தோலின் புரதத்தோடு அது பிணைந்துகொண்டால் தோல் அழுகாது. எந்த மரத்துப் பட்டை, எத்தனை நாள் ஊற வேண்டும், சுண்ணாம்புக் குழியிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அருந்ததியர் கைக்குத் தெரிந்த கணக்கு. உவர்மண்ணில் இருக்கிற காரத்தைக் கொண்டு அழுக்கை எடுத்து வெள்ளாவி வைத்தவர்கள் வண்ணார்கள். இவர்களை ஊர் அழுக்கு என்றது. வேதியியல் தெரிந்தவர்களை அழுக்கு என்றும், அவர்கள் காய்ச்சிய மையில் எழுதியவர்களைத் தூய்மை என்றும் சொன்ன ஏற்பாடு இது. அந்தப் பிள்ளைகள் அன்று அந்த மையைத் தொட்டுத் தங்கள் பெயரை எழுதினார்கள். காகிதத்தில் ஆரம்பித்துச் சுவருக்குப் போய்விட்டார்கள். சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது.

அறிவு இருக்கிற இடத்துக்குச் சாதி வராது என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: மேகநாத் சாகா. விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்து அறிய வழிசெய்த அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் கொடுத்தவர். டாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிறு கடைக்காரர் மகன். கல்கத்தாவில் மாணவர் விடுதியில் தங்கிப் படித்தபோது மேல்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். உப்பைத் தீயில் தூவினால் மஞ்சள் சுடர் வருகிறதே, அதே வகையான ஒளியைத்தான் அவர் வானத்தில் படித்தார்.

இதை நான் சொல்லக் காரணம் பச்சை உப்பு. "அது வெள்ளையாத்தான இருக்கு, எதுக்குப் பச்சை உப்புன்னு சொல்றாங்க?" என்று சேலைக்காரப் பெண் ஒருநாள் கேட்டாள். அடுப்புச் சுடரில் ஒரு சிட்டிகைச் சாப்பாட்டு உப்பை நானே தூவிக் காட்டினேன். சுடர் மஞ்சளானது. சோடியம் மஞ்சள் கொடுக்கிற மாதிரி பேரியம் பச்சை கொடுக்கும், ஆகாயத்தில் பூக்கிற பச்சைப் பூ அதுதான் என்றேன். அவள் அம்மா இருபது ஆண்டாக அள்ளிய பொருளுக்குப் பெயர்க்காரணம் அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போனது.

அந்தப் பச்சை உப்புக்கு நீதிமன்றத்தில் ஒரு கதை இருக்கிறது. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் வழக்குப் போடப்பட்டது. அவர்களின் நுரையீரலுக்குப் பட்டாசுப் புகை கேடு என்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, சரவெடியைத் தடை செய்தது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. 2021இல் அதை மறுபடி வலியுறுத்தியது. அந்தக் குழந்தைகள் மூச்சு விடட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெடித்த பிறகு வருகிற புகையைப் பற்றி நாடே பேசியது. வெடிக்கும் முன்னால் அதைத் தூளாக மூச்சில் இழுக்கிற தாயின் தோளில் கிடக்கிற குழந்தையைப் பற்றி யார் பெயரில் வழக்குப் போடுவது? எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது 'இனிமேல் பச்சை உப்பு கிடையாதாம்' என்ற ஒற்றைச் செய்தியும் வேலையில்லாத நாட்களும்தான். அது ஏன் கேடு, இத்தனை நாள் உள்ளே போனது என்ன செய்யும் என்று சொல்ல யாரும் வரவில்லை.

இந்த இடத்தில் நிதானமாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே வேதியியல் என்று சென்னையில் சொன்னால் அது பொழுதுபோக்கு. எங்கள் பக்கம் சொன்னால் போலீஸ் வரும். வீடுகளில் அனுமதியில்லாமல் திரி சுற்றி, வெடி செய்து, கூரையோடு போன குடும்பங்கள் இங்கே உண்டு. அதனால் படிப்பகத்தில் முதல் விதி இது: ஆலைப் பொருள் எதுவும் ஒரு சிட்டிகைகூட உள்ளே வரக் கூடாது. பையன்கள் கேட்காமல் இருப்பார்களா? "அக்கா, வெடி செய்யலாமா?" என்று இரண்டாம் நாளே ஒருவன் கேட்டான். அவனைத் திட்டவில்லை. ஆப்பசோடாவும் எலுமிச்சையும் சேர்த்து வந்த வாயுவை ஒரு சொம்பிலிருந்து எரிகிற மெழுகுவத்தியின் மேல் சாய்த்துக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஊற்றப்பட்டது, தீ அணைந்தது. பிறகு சொன்னேன்: மெழுகுவத்தி காற்றிலிருந்து ஆக்சிஜன் வாங்கி எரிகிறது, அதை மறித்தால் அணைகிறது. பட்டாசு மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூடினாலும், மண்ணைப் போட்டாலும், எரியத் தொடங்கியது நிற்காது. எரிகிற உலோகத் தூளில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். ஓடுவதுதான் ஒரே வழி.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் செத்தார்கள். அதில் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள் பலர். புகை கண்டு உதவ ஓடியவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள், அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு தடவையும் உராய்வு என்று ஒரு சொல்லைச் செய்தியில் படிக்கிறோம். ஈரம் பட்ட கலவை தானாகச் சூடாகும் என்று எங்கள் தெருப் பெண்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் 'இன்னைக்கு இதைத் தொட மாட்டோம்' என்று மேற்பார்வையாளரிடம் காரணம் காட்டிச் சொல்ல, தெரிந்ததற்கு ஒரு பெயரும் ஒரு காகிதமும் வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அது கூலிக்காரப் பொம்பளையின் பயம் என்று ஆகிவிடுகிறது.

சாக்கடைக்கும் இதே கதை. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் திரும்புவதில்லை. மலக்குழியில் மனிதர்களை இறக்குவதற்கு 2013இலேயே தடைச் சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. அதனால் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வரும் என்பதைப் படிப்பகத்தில் பாட்டு மாதிரி சொல்ல வைக்கிறோம். எட்டாம் வகுப்பில் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

ஒரு தோழர் கோபமாகவே கேட்டார்: "அவன் பிள்ளைக்கு ஆய்வகம், நம்ம பிள்ளைக்கு மஞ்சத்தூளா?" நியாயமான கோபம். ஏழைக்கு ஏழை அறிவியல் என்று ஆகிவிடக் கூடாது. ஆனால் மலிவு என்பதாலேயே அது தாழ்ந்ததாகிவிடாது. நிறவெறி ஆட்சி முடிந்த காலத்துத் தென்னாப்பிரிக்காவில், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆய்வகமே இல்லாத நிலையில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்ட் மையம் உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் தட்டில் சொட்டுச் சொட்டாகச் செய்கிற வேதியியலை உருவாக்கியது. யுனெஸ்கோ அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. எங்கள் மாத்திரை அட்டைக்கு அது அக்கா முறை. இங்கே மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 அரசுப் பள்ளிகளில் தொடங்கி, பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கிற திட்டம் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்கு வளர்ந்தது. 2002இல் மாநில அரசே அதை மூடியது. கிராமத்துப் பிள்ளை கேள்வி கேட்கப் பழகுவது எல்லா அரசுகளுக்கும் உவப்பானதாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்தது. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். நல்லது. வந்து காட்டிவிட்டுப் போவதோடு நிற்காமல் பொருளைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஆகவே தோழருக்கு என் பதில்: மஞ்சள்தூளில் தொடங்கிய பிள்ளை ஆய்வகத்தின் பூட்டை வேறு மாதிரி பார்க்கும். எங்கள் பிள்ளைகள் சேர்ந்து தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதினார்கள், மை அவர்கள் காய்ச்சியதே. ஆய்வகத்தை மாதம் ஒருமுறையாவது திறக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. ஆலைகளில் ஒவ்வொரு பொருளின் மீதும் தமிழில் பெயரும், உடம்பை என்ன செய்யும் என்பதும், பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற இடம் வேண்டும் என்பது பெரியவர்களின் மனு. அது மாவட்ட நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது. இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.

சேலைக்காரப் பெண்ணின் அம்மா போன மாதம் படிப்பகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "ஏம்மா, இந்த வெள்ளிப் பவுடரு பிள்ளைக்கு ஒட்டுனா என்ன பண்ணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: தூள் நுரையீரலுக்குள் போவதுதான் கேடு, வந்ததும் சேலையை வெளியிலேயே மாற்றிவிட்டு, உதறாமல் தனியாக நனைத்துத் துவையுங்கள், குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். வீட்டு வாசலில் ஒரு பழைய சாக்கைத் திரையாகக் கட்டி இப்போது அப்படித்தான் செய்கிறார். பக்கத்து மூன்று வீட்டிலும் சாக்கு தொங்குகிறது. எங்கள் பட்டியலில் அடுத்து வாங்க வேண்டியது மயில்துத்தம். இரும்பு ஆணியில் செம்பு படிவதைப் பார்க்க வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். அது விஷம், பூட்டி வைக்கப் பெட்டி வேண்டும். பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டோம், சாவி பிள்ளைகளில் மூத்தவளிடமும் என்னிடமும் இருக்கிறது.